திட்டு என்றே எழுது

மதினி,

இன்று காலை ஒரு காகிதத்தில் கையெழுத்துக் கேட்டு வந்தார்கள். கண்மாயைத் தூர் வாரப் போகிறார்களாம். ‘நடுவிலுள்ள மண்மேட்டை அகற்ற ஆட்சேபணை இல்லை’ என்று தட்டச்சு செய்திருந்தார்கள். மண்மேடு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குச் சுருக்கென்றது. போன ஐப்பசிவரை நீங்கள் இருந்தீர்கள். இன்றும் இருந்திருந்தால் அந்தக் காகிதம் முழுசாகத் திரும்பியிருக்காது.

நம் அய்யம்பாளையத்துக் கண்மாய்க்குள் கருவேல மரங்களோடு கிடக்கும் அந்தத் திட்டில்தான் நாரைகள் கூடு கட்டும். கரையோர வயலில் களை எடுக்கும்போதும் உங்கள் கண் அங்கேதான் இருக்கும். அவற்றைச் சுடக் கூடாதென்று சர்க்காருக்கு மனுப் போடச் சொன்னவரும் நீங்கள்தான். எழுதியவன் நான். திட்டு என்றால் பட்டிக்காட்டுப் பேச்சாக இருக்குமே என்று, பத்தாவது படித்த திமிரில் ‘தீவு’ என்று எழுதினேன். உத்தரவும் அப்படியே வந்தது: ‘கண்மாய்த் தீவிலுள்ள பறவைகளைச் சுடக் கூடாது.’

அந்த வறட்சி வருஷம் மாசியிலேயே தண்ணீர் வற்றிவிட்டது. நாயுடுபுரத்துப் பங்களாக்காரர் ஒருவர் மலையிலிருந்து ஜீப்பில் இறங்கி வந்து, திட்டுக்கு நடந்தே போய்ச் சுட்டார். பறக்கத் தெரியாத குஞ்சுகள் கூட்டில் கிடந்து கத்தின. துப்பாக்கிக்கு முன்னால் போய் நின்றீர்கள். கேஸும் போட வைத்தீர்கள்.

கோர்ட்டில் அவருடைய வக்கீல் உங்களிடம் கேட்டார்: “அந்தத் தீவ நீ பாத்திருக்கியாம்மா?”

“தீவா? எங்க ஊர்ல தீவெல்லாம் ஏதுங்க. கண்மாய்க்குள்ள திட்டுதான் கெடக்கு.”

அத்தோடு முடிந்தது. சுற்றித் தண்ணீரும் இல்லை, சாட்சியே தீவு இல்லை என்கிறார் என்று கேஸைத் தள்ளிவிட்டார்கள். வெளியே நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்கு உங்கள்மேல்தான் கோபம் வந்தது. “ஆமான்னு சொல்லிட்டு வந்திருக்கலாமே மதினி” என்றேன்.

“ஊர்ல இல்லாத வார்த்தைய நீ எழுதிப்புட்டு என்னைய ஆமாங்கச் சொல்லுறியா? வெரசா வேற மனு எழுது. திட்டுன்னே எழுது. தண்ணி கெடந்தாலும் வத்துனாலும்னு எழுது.”

பஸ் ஸ்டாண்டிலேயே மடியில் காகிதத்தை வைத்து எழுதினேன். நீங்கள் கைநாட்டு வைத்தீர்கள். அதன்பின் ஆபீஸ் ஆபீஸாக நடந்தீர்கள். உங்களைக் கண்டாலே குமாஸ்தா பேனாவை மூடிவிடுவார். மறுநாளும் போய் நிற்பீர்கள். கடைசியில் நீங்கள் சொன்ன சொற்களோடேயே உத்தரவு வந்தது. அடுத்த முறை வந்த ஜீப், கரையில் நட்டிருந்த உத்தரவுப் பலகையைப் படித்துவிட்டுத் திரும்பிப் போனது.

இன்று வந்தவர்களிடம் அந்த உத்தரவைக் காட்டினேன்.

“மண்மேடுன்னா என்ன, திட்டுன்னா என்ன? வெறும் பேருதானேங்க, கையெழுத்தப் போட்டுக் குடுங்க” என்றார் ஒருவர்.

“வெறும் பேருல ஒருக்கா தோத்திருக்கோங்க. போட மாட்டேன்.”

திங்கட்கிழமை பெரிய அதிகாரியோடு வருவார்களாம். வரட்டும். நீங்கள் பக்கத்தில் இல்லாததை என்னால் இன்னும் தாங்க முடியவில்லைதான். ஆனாலும் மதினி, ‘மண்மேடு’ என்பதை அடித்து, மேலே ‘திட்டு’ என்று எழுதி, கையெழுத்துப் போடாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

உங்கள் மனுவை எழுதிய கொழுந்தன்