ஏழாவது கேள்விக்கு மறுமதிப்பெண்

அன்பு மகள் சிக்னேவுக்கு,

அப்பா எழுதுகிறேன். நானும் அம்மாவும் சுகம், நாயும் சுகம், ஏரி மட்டும் இன்னும் கல்லாக உறைந்து கிடக்கிறது. நியூசிலாந்தில் இப்போது வெயில் காலம், நீ ஆடுகளுக்கு ஊசி போட்டுக்கொண்டு தொப்பியில்லாமல் அலைவாய் என்று எனக்குத் தெரியும், தொப்பி போட்டுக்கொள். அம்மா உனக்குக் கம்பளிக் காலுறை பின்னுகிறாள், வெயிலில் எதற்கு என்று கேட்டதற்கு, ஆட்டுக்கு மட்டும் எதற்காம் என்று என்னையே திருப்பிக் கேட்டாள். ஞாயிற்றுக்கிழமை தேவாலயத்தில் உருளைக்கிழங்கு ரொட்டி சுட்டார்கள், நான் ஆறு தின்றேன், அம்மாவிடம் நாலு என்று சொல்லியிருக்கிறேன், கேட்டால் நீயும் நாலு என்றே சொல்.

இதை எழுதவா பேனாவை எடுத்தேன். விஷயத்துக்கு வருகிறேன். நீ ஏழாம் வகுப்பில் என்னிடம் படித்தபோது ஒரு கேள்விக்கு நான் உனக்குச் சுழி போட்டேன், நீ மூன்று நாள் என்னோடு பேசவில்லை, நினைவிருக்கிறதா. அந்தச் சுழி தப்பு. நீ எழுதியதுதான் சரி. உனக்கு மட்டுமல்ல, இருபத்திரண்டு வருடமாக இந்த ஊருக்கே தப்பாகத் திருத்தியிருக்கிறேன். வெட்கப்பட வேண்டியவன் நான், ஆனால் ஒரு வாரமாக என் கால் தரையில் நிற்கவில்லை, கரும்பலகையைத் துடைக்கும்போதுகூடத் தன்னால் சிரிப்பு வருகிறது, பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்கிறார்கள். நடந்ததை வரிசையாகச் சொன்னால்தான் உனக்குப் புரியும்.

கிறிஸ்துமஸ் முடிந்ததுமே பள்ளிக் குழுவில் ஒரு பேச்சு கிளம்பியது. என்னுடைய புத்தகப் பேச்சு வகுப்பை எடுத்துவிட்டு, அந்த ஒரு மணி நேரமும் பிள்ளைகளைக் கணினி முன்னால் உட்கார வைத்துக் கேள்விக்கு விடை தட்டச் சொல்லலாம் என்றார்கள். குழுத் தலைவர் யார் என்று நினைக்கிறாய், டெரிக் ட்ரெக்னி, என் முதல் வருட மாணவன், இப்போது டை கட்டுகிறான். வாக்கெடுப்புக்கு முன்னால் வகுப்பை ஒரு தடவை நேரில் பார்க்க வருவதாகச் சொல்லி அனுப்பினான். அந்த ஒரு மணி நேரத்துக்காகத்தான் நான் ஓய்வு பெறாமல் இருக்கிறேன் என்று உனக்குத் தெரியும், அது போனால் நானும் போய்விடுவேன் என்று அம்மாவிடம் சொல்லியே விட்டேன்.

நீ படித்த காலத்தில் நான் முன்னால் நின்று கேட்பேன், நீங்கள் பதில் சொல்வீர்கள். இப்போது அப்படியில்லை. ஐந்தைந்து பேராக வட்டமாக உட்காருவார்கள், ஆளுக்கொரு அட்டை, ஒருவர் கேள்வி கேட்க, ஒருவர் கடினமான சொல்லைப் பிடிக்க, ஒருவர் படம் வரைய, ஒருவர் தன் வீட்டில் நடந்ததோடு சேர்த்துச் சொல்ல, கடைசி ஆள் சந்தேகப்பட. நான் வாயை மூடிக்கொண்டு, அறையைச் சூடாக்கும் வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்க வேண்டும், என் சுபாவத்துக்கு அது எவ்வளவு பெரிய தண்டனை என்று யோசித்துப் பார். பழைய சட்டம் ஒன்று மட்டும் அப்படியே இருக்கிறது, எதைச் சொன்னாலும் பக்க எண் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் மற்றவர்கள் "எந்தப் பக்கம்?" என்று கத்துவார்கள்.

புத்தகமும் பழையதுதான், அந்த வெள்ளக் கதை. படகோட்டி தன் இரண்டு பையன்களையும் ஏற்றிக்கொண்டு வெள்ளத்தில் அக்கரைக்குப் போகத் துணிகிறான், காலையில் பார்த்தால் கயிறு அவிழ்ந்து படகு போய்விட்டது. யார் அவிழ்த்தது என்று கதையில் எங்கேயும் நேராகச் சொல்லவில்லை. அதுதான் என் ஏழாவது கேள்வி. மூத்த மகன் கால்வின், ஏனென்றால் அவன் கோட்டு நனைந்திருந்தது, இது என் விடைத்தாள். அவன் அம்மா ஹெஸ்டர், பிள்ளைகளைப் போகவிடாமல் தடுக்க, இது நீ எழுதியது.

டெரிக் வந்து அந்தச் சின்ன நாற்காலியில் முழங்காலைத் தாடை வரைக்கும் மடக்கி உட்கார்ந்தான். அவனுக்குப் பக்கத்து வட்டத்தில் அன்றைக்குச் சந்தேக அட்டை காயிங் லோர் கையில். செப்டம்பரில் எங்கள் பள்ளிக்கு வந்த பெண், உள்ளேன் சார் என்பதைத் தவிர அதுவரை அவள் குரலை நான் கேட்டதில்லை. எல்லாரும் கால்வின் கால்வின் என்று முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகப் பார்த்தார்கள். அவள் அட்டையைப் பார்த்துக்கொண்டே, "கால்வினுக்குக் கை உடைஞ்சு கட்டுப் போட்டிருக்கே, ஒத்தைக் கையால அந்த முடிச்சை எப்படி அவிழ்ப்பான்?" என்றாள். எந்தப் பக்கம் என்று கத்தினார்கள், நூற்றிருபது என்றாள். கோட்டு நனைந்திருந்ததே என்று ஒருவன் மடக்கினான். "மழையில எல்லார் கோட்டும்தான் நனைஞ்சிருக்கு, நூத்தி முப்பத்தெட்டு," என்றாள். மற்ற வட்டங்களும் பேச்சை விட்டுத் திரும்பிப் பார்க்க, இன்னும் மெதுவாக, "நூத்தி நாப்பத்திரண்டுல அவங்க அம்மா ரொட்டி மாவு பிசையறாங்க, சட்டுனு கையை எடுத்துடறாங்க. மாவுல உப்பு இருக்கும். கையில தோல் உரிஞ்சிருந்தாத்தான் எரியும். அது கயிறு உரிச்சது," என்றாள்.

சிக்னே, அந்த வரியை நான் படித்ததே இல்லை. படித்திருப்பேன், முதல் வருடம் கோடை விடுமுறையில் களஞ்சியத்துக்கு வண்ணம் அடித்துக்கொண்டே மூன்று நாளில் புத்தகத்தை விழுங்கி விடைத்தாள் எழுதினேன், அதன் பிறகு ஒவ்வொரு வருடமும் நான் படித்தது என் விடைத்தாளைத்தான், புத்தகத்தை அல்ல. ஊரில் உள்ள பிள்ளைகளையெல்லாம் ஆதாரம் எங்கே என்று குடைந்த மனுஷன் செய்த காரியம் இது. இருபத்தைந்து பேரும் என் பக்கம் திரும்பி, "சார், உங்க விடைத்தாள்ல என்ன போட்டிருக்கு?" என்றார்கள். மூலையில் டெரிக் குறிப்பேட்டோடு உட்கார்ந்திருக்கிறான். இரண்டும் சரியாக இருக்கலாம் என்று மழுப்பியிருக்கலாம், நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் காயிங் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள், நான் மழுப்பினால் அந்தப் பெண் திரும்ப வாயைத் திறக்க மாட்டாள் என்று தோன்றியது. எழுந்து நின்று, "நான் இருபத்திரண்டு வருஷமாத் தப்பாச் சொல்லிட்டு வந்திருக்கேன், காயிங் சொல்றதுதான் சரி," என்றேன். மேசையைத் தட்டி அவர்கள் போட்ட சத்தத்தில் பக்கத்து வகுப்பு ஆசிரியை ஓடி வந்தார். காயிங் சட்டைக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டாள், தோள் குலுங்கியதை வைத்துத்தான் சிரிக்கிறாள் என்று தெரிந்தது. டெரிக் ஏதோ எழுதிக்கொண்டு கிளம்பிவிட்டான். வகுப்பு போயே போய்விட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலைக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. இந்த ஊரில் முப்பத்தைந்து வயதுக்குள் இருக்கிற எல்லாரும் என்னிடம் அந்தக் கேள்விக்கு விடை எழுதியவர்கள்தானே. பெட்ரோல் போடப் போனால் குழாயைக் கையில் பிடித்தபடி, "சார், என் ஏழாவது கேள்வி என்ன ஆச்சு?" என்கிறான் ஒருவன். பல் டாக்டர் கர்ட் என் வாயில் பஞ்சைத் திணித்துவிட்டு, "நான் அன்னிக்கே ஹெஸ்டர்னுதான் எழுதினேன், நீங்கதான் அடிச்சீங்க," என்று அரை மணி நேரம் பேசினான், என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. அவன் எழுதியது கால்வின்தான், சத்தியம் செய்வேன். பாதிப் பேர் பச்சைப் பொய் சொல்கிறார்கள், இருந்தாலும் கேட்கக் கேட்க எனக்கு ஆனந்தமாக இருந்தது. இத்தனை வருடம் கழித்து ஒரு புத்தகத்துக்காக ஆள் ஆளுக்குச் சண்டைக்கு வருகிறார்கள் பார்.

செவ்வாய்க்கிழமை மாலை குழுக் கூட்டம். வழக்கமாக எட்டுப் பேர் வருவார்கள், அதிலும் இரண்டு பேர் காபிக்காக. அன்று விளையாட்டுக் கூடத்தில் நிற்க இடமில்லை. டெரிக் எழுந்து, "பிள்ளைங்க வட்டமா உக்காந்து அரட்டை அடிக்கிறதால வாசிப்பு வளர்ந்துடாது," என்று ஆரம்பித்தான். பின்வரிசையிலிருந்து என் பிள்ளைகள் ஒரே குரலில், "எந்தப் பக்கம்?" என்றார்கள். உடனே முன்வரிசையில் பெரியவர்களும், எந்தப் பக்கம், எந்தப் பக்கம் என்று பிடித்துக்கொண்டார்கள். அந்தப் பயல் என்ன செய்தான் தெரியுமா, தன்னை மறந்து கையிலிருந்த காகிதங்களைப் புரட்டிப் பக்கம் தேடினான். தேடிப் பாதியில் உணர்ந்து, காது சிவந்து, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "சார், அந்தக் கேள்விக்கு நான் கால்வின்னு எழுதி முழு மார்க் வாங்கினேன். அதைத் திருப்பி எடுத்துக்குவீங்களா?" என்று கேட்டான். கூடமே சிரித்தது. அப்புறம் ஹெஸ்டர் செய்தது நியாயமா என்று ஒரு மணி நேரம் ஊரே வாதாடியது, வெப்பக் குழாய்க்குப் பக்கத்தில் உட்காராமலே நான் வாயை மூடிக்கொண்டிருந்தேன். முடிவில் ஐந்துக்கு இரண்டு, வகுப்பு இருக்கிறது. ஐந்தில் ஒன்று டெரிக்கின் கை.

திரும்பும்போது காரில் அம்மாவிடம் விஷயத்தை ஒரு கண்டுபிடிப்பு மாதிரி விளக்கினேன். அவள், "இது எனக்கு அப்பவே தெரியும் ஆர்னே, சிக்னே எனக்குப் படிச்சுக் காட்டினா. உன்கிட்ட சொன்னா நீ பக்கம் கேப்பே," என்றாள். ஹெஸ்டர் செய்தது சரியா என்று கேட்டேன். அவள் கையுறையைக் கழற்றி மடியில் வைத்தாள். பிறகு, "அவளுக்குக் கை எரிஞ்சது. எனக்கு எரியலைன்னா நெனச்சே?" என்றாள்.

நீ புறப்பட்ட அன்று என்ன பனி என்று உனக்குத் தெரியும். இரண்டு நாள் கழித்துப் போகட்டுமே என்று சொன்னவன் நான். அம்மா வெளியே போய் காரின் மேல் இருந்த பனியைச் சுரண்டி, உன் பெட்டியைத் தானே தூக்கி வைத்து, மூன்று மணி நேரம் ஓட்டிப்போய் உன்னை விமானத்தில் ஏற்றினாள், வழியெல்லாம் உன்னோடு கதை பேசிக்கொண்டு. திரும்பி வரும்போது பாதி வழியில் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங்கைப் பிடித்தபடி வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் இருந்தேன், வண்டிக்கு என்ன என்று கேட்டேன். நான் எதையும் சரியாகப் படிப்பதில்லை, கண்ணு. அன்றைக்குக் கயிறு அவள் கையில்தான் இருந்தது, அவள் அவிழ்க்கவில்லை.

நீ நன்றாக இருக்க வேண்டும், உன் கைபட்ட ஆடெல்லாம் பிழைக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை கூப்பிடும்போது தொலைபேசியை முதலில் அம்மாவிடம் கொடுக்கச் சொல், நான் எடுத்தாலும் என்னிடம் பேசாதே.

உன் அப்பா,
ஆர்னே