படிக்கட்டு வழியே ஒரு நீல ஒயர்

அத்தை,

இன்று காலை ஃபைபர் இணைப்பு கொடுக்க வந்தவர் மாடிப்படியில் பாதியிலேயே நின்றுவிட்டார். சுவரோரமாக ஆணி அடித்து இறங்கும் நீல ஒயரை விரலால் சுண்டிப் பார்த்து, "மேடம், இது இன்னாத்துக்கு? இப்ப எல்லாமே வைஃபைதான். புடுங்கிடட்டா?" என்றார். ஒயர் வெளுத்துப் போயிருக்கிறது. படிக்கட்டின் அடியில், கதவு நிலையைத் தாண்டும் இடத்தில் மட்டும் வெயில் படாததால் அன்றைக்கு வாங்கிய நீலம் அப்படியே இருக்கிறது. "வேணாம்!" என்றேன். நான் சொன்ன வேகத்தில் அவர் கையை வெடுக்கென்று எடுத்துக்கொண்டார். பாவமாகப் போய்விட்டது. கூப்பிட்டு உட்காரவைத்துக் காப்பி கொடுத்தேன். உங்கள் மருமகளின் வாய் அப்படியேதான் இருக்கிறது, கவலைப்படாதீர்கள்.

அந்த ஒயர் மட்டும் இல்லாவிட்டால் நீங்களும் நானும் இரண்டு வருஷத்துக்கு மேல் ஒரு வீட்டில் இருந்திருக்க மாட்டோம். இதை நீங்கள் இருந்தபோது ஒரு தடவையாவது சொல்லியிருக்கலாம். நமக்குள் அப்படியெல்லாம் பேசிப் பழக்கமில்லை.

நம் சண்டை எங்கே ஆரம்பித்தது என்று உங்களுக்கும் நினைவிருக்கும். நான் கல்யாணமாகி வந்த இரண்டாவது கிறிஸ்துமஸ். பூசை முடிந்து உங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் சாப்பிட உட்கார்ந்திருந்தார்கள். கறிக்குழம்பு வைத்தவள் நான். கிறிஸ்துமஸுக்கு என்ன செய்வது என்றே தெரியாத வீட்டிலிருந்து வந்தவள், பயந்து பயந்து வைத்த குழம்பு அது. நீங்கள் ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "எங்க மருமவ தவளக்குப்பம் இல்லியா, அவுங்க பக்கம் கொழம்புன்னா புளித்தண்ணிதான். போவப்போவ கத்துக்கும்" என்றீர்கள். எல்லாரும் சிரித்தார்கள். நான் குழம்புச் சட்டியை நங்கென்று வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டேன்.

அடுத்த வாரமே மாடிக்கு ஒரு தனி அடுப்பு வந்தது. ஒரு வீட்டுக்குள் இரண்டாவது அடுப்பு வந்துவிட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று யாரும் விளக்க வேண்டியதில்லை. படிக்கட்டின் அடியில் இருந்த கதவுக்கு நீங்கள் அந்தப் பக்கம் தாழ்ப்பாள் போட்டீர்கள், நான் இந்தப் பக்கம் போட்டேன். தெருவுக்குப் போய்வர எனக்கு வெளிப்படி இருந்தது. சென்னையில் வேலை பார்த்த என் வீட்டுக்காரர், உங்கள் சின்ன மகன், சனிக்கிழமை வந்தால் மேலேயும் சாப்பிட்டார், கீழேயும் சாப்பிட்டார். யாருக்கும் பரிந்து பேசாமல் உடம்பு மட்டும் வைத்தார்.

தனிக்குடித்தனம் போக மூலக்குளத்தில் வீடு பார்க்க ஆரம்பித்தோம். அதைக் கேள்விப்பட்ட உங்கள் பெரிய மகன் பாரிஸிலிருந்து போன் செய்து, "அம்மாவ தனியா விட முடியாது. நீங்க போனா நான் இங்க கூட்டிக்கிறேன், வீட்ட லாட்ஜுக்காரங்களுக்கு வாடகைக்கு விட்டுடலாம்" என்றார். ஒரே ஒரு குளிர்காலம் அங்கே இருந்துவிட்டு வந்தவர் நீங்கள். "வெயிலே அடிக்காத ஊர்ல துணி எப்புடிக் காயும்?" என்று அதற்குப் பிறகு பல வருஷம் கேட்டுக்கொண்டிருந்தீர்கள். ஆனால் அன்றைக்கு அவரிடம், வர மாட்டேன் என்று நீங்கள் சொல்லவில்லை. என்னிடம் எப்படிச் சொல்வீர்கள்?

அந்தச் சமயத்தில்தான் பெட்டி வந்தது. பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த மாமா போன ஊரிலெல்லாம் வாங்கிச் சேர்த்த இசைத்தட்டுகளை, அவர் காலத்துக்குப் பிறகு உங்கள் பெரிய மகன் பாரிஸுக்கு எடுத்துப் போயிருந்தார். அவ்வளவையும் கம்ப்யூட்டரில் ஏற்றி ஒரு ஹார்ட் டிஸ்கில் போட்டு, லீவுக்கு ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். கூடவே சோப்பு டப்பா அளவில் ஒரு கறுப்புப் பெட்டி. டிஸ்கை மாடியில் இருந்த கம்ப்யூட்டரில் சொருக வேண்டும். பெட்டியைக் கீழே உங்கள் அறையில் ஸ்பீக்கரோடு வைக்க வேண்டும். வீட்டு நெட்வொர்க் வழியாக மேலே இருக்கிற பாட்டு கீழே கேட்கும். பெரியவருக்கு நம் வீட்டில் மேலும் கீழும் இருந்த நிலவரம் தெரிந்துதான் அனுப்பினாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உங்கள் சின்ன மகன் ஒரு ஞாயிற்றுக்கிழமை பெட்டியைப் போட்டுப் பார்த்தார். சின்னத் திரையில் ஓடிய எழுத்தெல்லாம் பிரெஞ்சு. பள்ளிக்கூடத்திலேயே பிரெஞ்சுக்கு ஒரு கும்பிடு போட்டு வந்தவர் அவர். இரண்டு பட்டனை அமுக்கிவிட்டு, "இது நமக்கு ஆவாது" என்று சென்னை பஸ்ஸைப் பிடித்துவிட்டார்.

மறுநாள் மத்தியானம் படிக்கட்டுக் கதவைத் தட்டினீர்கள். நான் தாழ்ப்பாளை எடுத்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டு, கையில் ரிமோட்டோடு நின்றீர்கள். "ஒங்க மாமா பாட்டத்தான் கேக்கறேன். ஒன்கிட்ட வேற ஒண்ணும் கேக்கல" என்றீர்கள். நானும் விறைப்பாக, "எனக்கு கம்ப்யூட்டர் தெரியும், பிரெஞ்சு தெரியாது" என்றேன். "எனக்கு பிரெஞ்சு தெரியும். அந்தக் கருமம் தெரியாது." அவ்வளவுதான் ஒப்பந்தம்.

நான் மேலே கம்ப்யூட்டர் முன்னால். நீங்கள் கீழே பெட்டி முன்னால். நடுவில் திறந்த கதவு. திரையில் வருகிற ஒவ்வொரு வரியையும் நீங்கள் வாசித்து, தமிழில் சொல்லி, படிக்கட்டு வழியாக மேலே அனுப்பினீர்கள்.

"ரெஸோ!"

"அப்படின்னா?"

"வலைன்னு அர்த்தம். நீ சொல்ற நெட்வொர்க்குதான் போல. அலோர்... அப்புறம், உள்ள ரெண்டு இருக்கு. கம்பியோட, கம்பியில்லாம. எது?"

"கம்பியில்லாம, அத்தை."

அடுத்தது பாஸ்வேர்ட். நான் ஒவ்வோர் எழுத்தாகக் கத்த, நீங்கள் அதைத் திருப்பிக் கத்திவிட்டு ரிமோட்டில் தேடி அமுக்கினீர்கள். நம் வீட்டு பாஸ்வேர்ட் தெரு முழுக்கத் தெரிந்த நாள் அது. கடைசியில் பெட்டி தேடுகிறது, தேடுகிறது என்றே சொல்லிக்கொண்டிருந்தது. நம் வீட்டுச் சுண்ணாம்புச் சுவர்கள் யானைக் கால் கனம். வைஃபை மாடியைத் தாண்டி இறங்கவே இல்லை. நீங்கள் கீழேயிருந்து, "கம்பியோடதான் போட்டுத் தொலையேன்" என்றீர்கள்.

பெரிய மார்க்கெட் பக்கம் ஒரு கடையில் நீளமான நீல ஒயர் ஒன்றை வாங்கி, இரண்டு முனைக்கும் ஜாக் போட்டு எடுத்து வந்தேன். நான் சுத்தியால் ஆணி அடிக்க, நீங்கள் ஒயரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியாக என்னோடு இறங்கினீர்கள். சுண்ணாம்பு உதிர்ந்து உங்கள் தலையில் விழுந்தது. நீங்கள் திட்டவில்லை. எனக்கு அதுவே பெரிய ஆச்சரியமாக இருந்தது.

திரும்ப மேலே, திரும்பக் கீழே. திரும்ப வாசிப்பு. இந்தத் தடவை நிதானமாக எல்லா வரியையும் வாசிக்கச் சொன்னேன். நடுவில் ஓரிடத்தில் சத்தம் நின்றுபோனது.

"அடுத்தது என்ன அத்தை?"

"அது ஒண்ணுமில்ல. அதுக்கு அடுத்தது சொல்றேன், கேளு" என்றீர்கள்.

பாட்டு வந்தது. யாரோ ஒரு பிரெஞ்சுக்காரி, எந்தக் காலத்திலோ பாடியது. பாட்டுக்கு முன்னால் தட்டில் ஊசி உரசும் சத்தம். நான் இறங்கி வந்து பாதிப் படியில் உட்கார்ந்தேன். நீங்கள் கட்டிலில் உட்கார்ந்து, என்னைப் பார்க்காமல், "ஊசி சத்தங்கூட வருது பாரு. ஒங்க மாமா தொடைக்காமத்தான் வெப்பாரு" என்றீர்கள். அழுதீர்கள். புளித்தண்ணியை நான் மறக்கவில்லை, ஆனாலும் அந்தப் படியிலிருந்து எழுந்து போகவில்லை.

விளக்கு வைக்கும் நேரத்துக்குக் கதவைச் சாத்தப் போனீர்கள். நிலையில் ஒயர் குறுக்கே நின்றது.

"இத சாத்துனா ஒயரு நசுங்கிடுமே?"

"நசுங்கும் அத்தை."

"அப்ப தொறந்தே கெடக்கட்டும்."

சனிக்கிழமை வந்த உங்கள் மகன், சுவரில் ஓர் ஓட்டை போட்டு ஒயரை அந்த வழியாக விட்டால் கதவைச் சாத்திக்கொள்ளலாமே என்றார். "வேணாம்" என்று நாம் இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். நாம் இருவரும் ஒத்துப்போன முதல் விஷயம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர் திருதிருவென்று விழித்தது இன்னும் கண்ணில் நிற்கிறது.

கரண்ட் போய் வந்தால் பெட்டி கற்றதை எல்லாம் மறந்துவிடும். அந்த வருஷக் கோடையில் கரண்ட் எத்தனை முறை போயிற்று என்பது உங்களுக்கே தெரியும். ஒவ்வொரு தடவையும் நான் மேலே, நீங்கள் கீழே. வாசிப்பு நடுவே வேறு பேச்சும் கலந்தது. மீன் விலை, உங்கள் மூட்டு வலி, என் ஆபீஸ் மேனேஜர். அப்புறம் ஒருநாள் சாயங்காலம், கீழேயிருந்து என் பாட்டு கேட்டது. கம்ப்யூட்டரில் நான் எனக்கென்று வைத்திருந்த சினிமாப் பாட்டு. ரிமோட்டில் தேடி என் பாட்டுகளையும் கண்டுபிடித்துவிட்டீர்கள். என்னவோ ஏதோ என்று இறங்கி வந்தால், மேஜையில் காப்பி ஆறிக்கொண்டிருந்தது. "கூப்புடணும்னா பேர் சொல்லிக் கத்தணும். இது சொகமா இருக்கு" என்றீர்கள். அதற்குப் பிறகு என் பாட்டு கேட்டால் காப்பி தயார் என்று அர்த்தம்.

மூலக்குளத்து வீட்டுக்காரர் முடிவு சொல்லச் சொல்லி நெருக்கினார். அன்றைக்குக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது, தம்ளரைப் பார்த்தபடியே கேட்டீர்கள்: "ஏம்மா, இந்த ஒயரு மூலக்குளம் வரைக்கும் எட்டுமா?"

சும்மா கேட்பது போலத்தான் கேட்டீர்கள். ஆனால் காலித் தம்ளரை மறுபடியும் வாய்க்குக் கொண்டுபோனீர்கள்.

"எட்டாது அத்தை" என்றேன். மாடிக்குப் போய் உங்கள் மகனுக்குப் போன் செய்து வீடு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். பெரியவரின் லாட்ஜ் யோசனையும் அத்தோடு படுத்துக்கொண்டது. மேல் அடுப்பை என் தம்பி வந்து எடுத்துப் போனான். அதற்குப் பிறகு உங்கள் கடைசி நாள்வரை ஒரே சமையல்தான். நடுவில் சண்டை போடாமல் இல்லை. ஆனால் தாழ்ப்பாள் போட முடியாத சண்டைகள்.

போன மழைக்காலத்தில் நீங்கள் போன பிறகு பெட்டியை யாரும் தொடவில்லை. இன்றைக்கு அந்த மனிதரிடம் ஒயரை அப்படியே விடச் சொல்லிவிட்டு, அது வேலை செய்கிறதா என்று பார்க்காமல் இருக்க முடியவில்லை. உங்கள் அறையில் உட்கார்ந்து ரிமோட்டை எடுத்தேன். பெட்டி எல்லாவற்றையும் மறந்திருந்தது. முதல் தடவையாக அந்தத் திரைக்கு முன்னால் நான் மட்டும். ஒரு வார்த்தைகூடப் படிக்கத் தெரியாத பிரெஞ்சு, உங்கள் குரலிலேயே வந்தது. ரெஸோ. கம்பியோட. அதற்கு அடுத்த வரியில் நான் ஒருநாளும் கேட்டிராத ஒரு சொல். ஆங்கிலச் சொல் மாதிரியே இருந்ததால் எனக்கே புரிந்துவிட்டது. மொழி. அமுக்கினேன். நான்கு மொழிகள் வரிசையாக வந்தன. இரண்டாவது ஆங்கிலம்.

அன்றைக்கு "ஒண்ணுமில்ல" என்று தாண்டிப் போன வரி இதுதானே? ஒரே ஒரு பட்டன். அமுக்கியிருந்தால் நானே தனியாக எல்லாவற்றையும் படித்து முடித்திருப்பேன். உங்களைக் கூப்பிட வேண்டிய அவசியமே இருந்திருக்காது. அத்தனை வருஷம், அத்தனை கரண்ட் கட்டிலும், அந்த ஒரு வரியை வாய்கூசாமல் தாண்டியிருக்கிறீர்கள். உங்கள் கட்டிலில் தனியாக உட்கார்ந்து வாய்விட்டுச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நிற்கவில்லை, அழுகையும் நிற்கவில்லை.

ஆங்கிலத்தை அமுக்கவில்லை, அத்தை. முந்தைய திரைக்கே திரும்பி, மிச்சத்தை உங்கள் குரலிலேயே படித்து, மாமாவின் பாட்டைப் போட்டேன். மாடியிலிருந்த உங்கள் மகன், "காப்பியா?" என்று கேட்டுக்கொண்டே திறந்த கதவு வழியாக இறங்கி வந்தார். நான் ரிமோட்டை வைத்துவிட்டுக் காப்பி போட எழுந்தேன். நாளைக்குக் கரண்ட் போய் வந்தால் மறுபடியும் முதலிலிருந்து வாசிப்பேன். அந்த ஒரு வரியை மட்டும் நானும் தாண்டிவிடுவேன்.