முந்நூறு மீற்றருக்கு மேலே

ஹவுகன்ஸ்டுவா, ஒஸ்லோ
ஞாயிறு, 17 யூன் 2007

அன்புள்ள தர்மினி அப்பாவுக்கு,

விமலா எழுதுகிறேன். நானும் பிள்ளை தர்மினியும் சுகம். உங்கள் இருமல் எப்படி என்று முதலில் எழுதுங்கள். ஸ்தவாங்கரில் மழை விட்டபாடில்லை என்று செய்தியில் காட்டினார்கள். சிவநாயகி மச்சாள் தம்பிக்கென்று கொத்தமல்லி அவித்துத் தருவா. நீங்கள் அவ அந்தப் பக்கம் திரும்பியதும் சிங்குக்குள் ஊற்றிவிடுவீர்கள். எனக்குத் தெரியாதா உங்களை?

நீங்கள் சொன்னபடி நேற்றுப் போய் வந்தேன். காலையில் நீங்கள் ரெலிபோன் எடுத்தபோது வாய் வரவில்லை. அதனால்தான் பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனேன். ஒளிக்காமல் சொல்ல வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். ஒளிக்க மாட்டேன். ஆனால் தொடக்கத்திலிருந்து எழுத விடுங்கள். உங்கள் வழக்கப்படி கடைசிப் பக்கத்தை முதலில் புரட்ட வேண்டாம்.

நமக்குள் பதினாலு வருடமாக இருப்பது ஒரே வழக்கு. அன்று ஊரில் குண்டு போடப் பொம்மரில் வந்தவன், கீழே முற்றத்தில் நின்றது பள்ளிக்கூடப் பிள்ளை என்று கண்டானா, காணவில்லையா? அவ்வளவு உயரத்திலிருந்து ஒன்றும் தெரியாது, நாங்கள் எல்லாம் எறும்பு என்பீர்கள். கண்டுதான் போட்டான் என்பேன் நான். இந்தக் கதையால் எத்தனை சோறு ஆறிப்போனது. கடைசியில் வேலை கிடைத்துவிட்டது என்று சொல்லி ஸ்தவாங்கரில் அக்கா வீட்டோடு போய்விட்டீர்கள். ஒஸ்லோவில் இல்லாத வேலையா?

என்னோடு பார்னஹாகே பாலர் பள்ளியில் பிள்ளை பார்க்கும் றன்டியை உங்களுக்குத் தெரியும். அவளுடைய மனிசன் ஓட்வாரும் கூட்டாளிகளும் சேர்ந்து, பழைய யுத்த காலத்து விமானம் ஒன்றைப் பார்த்து அதே போல ஒரு நகல் செய்திருக்கிறார்கள் என்று போன வருடமே எழுதினேன். சாப்பாட்டு நேரம் பிறவுண் சீஸ் பாணைக் கடித்துக்கொண்டு அவள் படம் காட்டியபோது, அதில் என்னை ஏற்றுவார்களா என்று என் வாய் தன்பாட்டில் கேட்டுவிட்டது. அன்று இரவு உங்களிடம் சொன்னேன். நீங்கள், போய்ப் பார், கீழே என்ன தெரிகிறது என்று வந்து சொல் என்றீர்கள்.

ஏறுவது லேசான காரியம் இல்லை. நகல் என்றபடியால் அதில் காசு வாங்கி ஆள் ஏற்ற முடியாதாம். விமானம் சோதனைப் பறப்பை எல்லாம் முடித்திருக்க வேண்டும், ஏறுகிற ஆள் அவர்களுடைய விமானச் சங்கத்தில் உறுப்பினராக இருக்க வேண்டும் என்று ஓட்வார் சொன்னார். சரி, சேர்ந்தேன். சங்கத்தில் ஒரு பழைய மனிதர், இது என்ன திருவிழா இராட்டினமா என்று முறுக்கிக்கொண்டு நின்றார். கூட்டத்துக்கு ஆட்டிறைச்சி றோல்ஸ் பொரித்துக்கொண்டு போனேன். நாலு றோல்ஸ் உள்ளே போனதும் மனிதர் இளகிவிட்டார். பழைய போர் விமானத்தில் உனக்கென்ன இவ்வளவு விருப்பம் என்று அவரே கேட்டார். எங்கள் ஊரில் நிறையப் பார்த்திருக்கிறேன் என்றேன். நல்ல பகிடி என்று எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன்.

அந்த ஆம்பிளைகளை நீங்கள் பார்க்க வேண்டும். விமானத்தின் செட்டையில் அடித்த பச்சை நிறம் அசலின் பச்சைதானா என்று ஒரு மாரிகாலம் முழுக்கச் சண்டை. கலியாண வீட்டுப் பெண்டுகள் கூறைச்சேலையின் நிறத்துக்குக் கூட இவ்வளவு சண்டை பிடிக்க மாட்டார்கள். துவக்குகள் மரத்தில் செய்தவை. ஆனால் தூரத்திலிருந்து பார்த்தால் அசல் துவக்குகள்தான்.

எனக்குப் பச்சையைப் பற்றி என்ன? நான் கேட்டதெல்லாம் வேறு. ஓட்டுகிறவனின் கண் எந்த உயரத்தில் இருக்கும்? கீழே குனிந்து பார்க்கலாமா? செட்டை மறைக்குமா? ஓட்வாருக்குப் பெரிய சந்தோசம். இவ்வளவு அக்கறையாக ஒருவரும் கேட்டதில்லை என்று பழைய வரைபடங்களை விரித்துக் காட்டினார். எங்களுக்கு மேலே வந்தது இது இல்லை, வேறு நாட்டு விமானம், அது எனக்கும் தெரியும். அதன் தோற்றத்தைச் சொல்லி, வேகம் எப்படி என்று ஒருநாள் கேட்டுப் பார்த்தேன். பதிவாக, நிலத்துக்குக் கிட்ட இறங்கும்போது இரண்டுக்கும் வேகம் கிட்டத்தட்ட ஒன்றுதான் வரும் என்றார்.

உயரத்தையும் கேட்டேன். வீடுகள் உள்ள இடத்தில் முந்நூறு மீற்றருக்குக் கீழே போக விதி விடாதாம். முந்நூறுக்குக் கீழே அவன் வரவேயில்லை என்று நீங்களும் எப்போதும் சொல்வீர்கள். அதனால் உங்கள் உயரத்திலேயே போனேன். என் பக்கம் இழுத்துவிட்டேன் என்று நீங்கள் சொல்ல முடியாது.

பிள்ளைக்கு உல்லாசப் பயணம் என்று சொல்லி வைத்தேன். படம் எடுத்துக்கொண்டு வாங்கோ அம்மா என்றாள். அவளுக்கு இந்த வெள்ளியோடு பள்ளிக்கூடம் முடிகிறது. கணக்கில் நல்ல புள்ளி. உங்களுடைய மூளை என்று சிவநாயகி மச்சாளிடம் சொல்லுங்கள், பெருமைப்படட்டும்.

ஏறும்போது ஒரு கடுதாசியில் கையெழுத்து வாங்கினார்கள். இருக்கைக்கு முன்னால் ஒரு தகடு. இந்த விமானம் வழமையான பாதுகாப்பு விதிகளுக்கு உட்பட்டதல்ல, ஏறுகிறவர் அதைத் தெரிந்துகொண்டே ஏறுகிறார் என்று எழுதியிருந்தது. பயமா என்று ஓட்வார் கேட்டார். மேலே இருப்பதற்கு என்ன பயம் என்று நினைத்துக்கொண்டேன். இயந்திரம் முழங்கத் தொடங்கியதும் என் கை என்னை அறியாமல் தலையை மூடிக்கொண்டது. அவர் பார்க்கவில்லை.

இப்போது சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன்.

காடு, ஏரி, பிறகு ஒரு தோட்டக்காரருடைய வீடு. உண்மையில் வீடு எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் தெரிந்தது கொடியில் காயப்போட்டிருந்த வெள்ளைச் சீலைகள். பிறகு ஒரு மனிசி உடுப்பு எடுத்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன உருவம், மேலே வெள்ளை, ஓடி ஓடி வட்டம் போட்டது. பிள்ளை என்று கண்டுகொள்ள எனக்கு ஒரு நிமிடமும் தேவைப்படவில்லை. பிள்ளை நின்று, இரண்டு கைகளையும் தூக்கி ஆட்டியது. ஓட்வார் அதைக் கண்டு, செட்டையை இரண்டு பக்கமும் சரித்துப் பதில் காட்டினார். அவருக்கு அது ஒரு பழக்கம். கீழே பிள்ளைகள் கை காட்டினால் எப்போதும் அப்படித்தானாம்.

என்னை மன்னித்துக்கொள்ளுங்கள். தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது.

பதினாலு வருடம் நான் சொன்னதுதான் சரி என்று ஆனது. இப்படிச் சரியாக வேண்டும் என்று நான் ஒரு நாளும் கேட்கவில்லை. நீங்கள் சொன்னதுதான் சரி என்று கண்டுகொண்டு வரத்தான் நான் போனேன். ஏறும்போதும் அதைத்தான் மன்றாடினேன். கீழே எறும்பாகத் தெரியட்டும், என்ரை மனிசன் ஒருநாளாவது நித்திரை கொள்ளட்டும் என்று.

எங்கள் கபிலனிடம், பள்ளிக்கூட வெள்ளைச் சேட்டைப் போட்டுக்கொண்டு முற்றத்தில் போய் நில்லு, பள்ளிக்கூடப் பிள்ளை என்று தெரிந்தால் போடமாட்டான் என்று நீங்கள் சொன்னதை நான் ஒரு நாளும் பிழையாக நினைத்ததில்லை. நாங்கள் ஒளிக்கிற பங்கருக்குள் இடுப்பளவு தண்ணீர். எங்கள் ஒழுங்கையில் இருந்த வீடெல்லாம் அதைத்தானே செய்தது. கூரையில் வெள்ளைச் சீலை விரித்தார்கள், கோயிலில் வெள்ளைக் கொடி கட்டினார்கள். அவர்களும் மனிசர்தானே என்று எல்லோரும் நம்பினோம். நீங்கள் சொல்லியிருக்காவிட்டால் நான் சொல்லியிருப்பேன். அவன் கண்டான் என்று நான் சொல்லும்போதெல்லாம், பிள்ளையை முற்றத்தில் நிறுத்தியவன் நீ என்றுதான் உங்கள் காதில் விழுந்தது. அது எனக்கு விளங்கியது. விளங்கிய பிறகும் நான் வாயை மூடவில்லை, ஏனென்றால் என் பிள்ளையைக் கண்டும் போட்டவன் மேல் எனக்கு அவ்வளவு ஆத்திரம். இப்போது ஆத்திரமும் இல்லை. நேற்று இறங்கியதிலிருந்து ஒன்றுமே இல்லை. இன்று சமைக்கவும் இல்லை, பிள்ளை பாணும் முட்டையும் சாப்பிட்டது.

வன்னியில் இப்போதும் பொம்மர் சுற்றுகிறதாம். நேற்றும் எங்கேயோ ஒரு தாய் வெள்ளைச் சீலை விரித்திருப்பாள். அவளிடம் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வழியில்லை.

இன்னும் ஒன்று இருக்கிறது. இறங்கிய பிறகு ஓட்வார் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு குறை சொன்னார். எல்லாம் வரைபடப்படி செய்தார்களாம், முன் கண்ணாடியை மட்டும் அப்படிச் செய்ய முடியவில்லையாம். அந்தக் காலத்துக் கண்ணாடி தடிப்பாக, மஞ்சள் பாரித்து, கொஞ்சம் மங்கலாக இருக்குமாம். இவர்கள் போட்டது புதிது, பளிச்சென்று தெரியும். அதனால் இதிலிருந்து பார்ப்பது அசலில் இருந்து பார்த்ததாகாது என்றார். அந்த மங்கலில் ஒரு வெள்ளைச் சேட் மறைந்துபோகுமா என்று நான் கேட்கவில்லை. வேண்டுமென்றுதான் கேட்கவில்லை.

இதை வாசித்துவிட்டு ரெலிபோனை நிறுத்தி வைக்க வேண்டாம். இரவில் கடற்கரைப் பக்கம் தனியே நடக்கவும் வேண்டாம். மருந்துக் குளிசையை ஒழுங்காகப் போடுங்கள். நான் இப்போது எந்தக் கோயிலிலும் கும்பிடுவதில்லை, அதனால் உங்களைத்தான் கும்பிட்டுக் கேட்கிறேன். வீட்டுக்கு வாருங்கள். வந்து, அது நகல்தானே விமலா, கண்ணாடியும் வேறை, அதிலை கண்டதை வைச்சு ஒண்டும் சொல்லேலாது என்று சொல்லுங்கள். எத்தனை தரம் வேண்டுமானாலும் சொல்லுங்கள். நான் ஓம் என்று சொல்கிறேன்.

உங்கள்
விமலா