கட்டுத்துவக்கு வைத்தவன்

வெள்ளி. கச்சான் காற்று, புழுக்கம்.

சூறாவளியில் தென்னையெல்லாம் படுத்த வருசம். அதற்கடுத்த அறுவடைக்கு முன், மாவடிப்பள்ளி வயலில் பன்றிக்குக் கட்டுத்துவக்கு வைத்தேன். வரம்புக்குக் குறுக்கே நூல். மிதித்தால் வெடி. விடியுமுன் அவிழ்க்க வேண்டும். அன்று சுபஹுத் தொழுகைக்கு நான் எழும்பவில்லை. தொழுதுவிட்டுத் தண்ணீர் பார்க்க வந்த பக்கத்து வயல் ஆதம்பாவா காக்கா மிதித்தார். வலது கால் முழங்காலோடு போயிற்று.

துவக்கை வாய்க்கால் சேற்றில் புதைத்தேன். பிறகுதான் அவரைத் தோளில் தூக்கினேன். முதலில் துவக்கு, பிறகு ஆள்.

யார் வைத்தது என்று அவருக்குக் கடைசிவரை தெரியாது. “இவன் தூக்காட்டி நான் அண்டைக்கே மௌத்து” என்பார் எல்லாரிடமும். ஹஜ்ஜுப் பெருநாள் இறைச்சியில் முதல் பங்கு எனக்கு.

இன்று அவரை அடக்கினோம். மகன் எழும்பி, “வாப்பாட பிழை ஏதுமிருந்தா பொருந்திக்குங்க.” சனம்: “பொருந்திட்டம்.” நானும் சொன்னேன். நான்!

சனி. மழைக்குறி. சீனி வருத்தத்துக்கான குளிசை முடிந்தது, வாங்க வேண்டும்.

எனக்கு எழுத்துத் தெரியாது. கதைத்தால் போன் எழுதிக்கொள்கிறது. ஒருவரும் வாசிக்க அல்ல.

ஹஜ்ஜுக்குப் போகுமுன் காக்காவிடம் போனேன். “அறிஞ்சோ அறியாமலோ செய்த பிழையப் பொருந்துங்க.” சிரித்தார். “உனக்கு நான் பொருந்திறதா? போடா! அங்க எனக்கொரு கால் கேட்டுட்டு வா.”

அதையே மன்னிப்பு என்று வைத்துக்கொண்டு பத்து வருசம் நல்ல தூக்கம். பிழையின் பெயரைச் சொல்லாமல் வாங்கிய பொருத்தம்.

பள்ளியில் மௌலவியிடம், யாருக்கோ போல, கேட்டேன். “மனிசனுக்குச் செய்த பிழை மனிசன்ட ஹக்கு, அத அந்த மனிசன்தான் பொருந்தணும். ஆள் மௌத்தெண்டா, வாரிசுகள்ட்டக் கேட்கச் சொல்லுங்க.”

ஞாயிறு. தூறல்.

காக்கா வீடு. அவர் மனைவி ஆசியா மதினி இத்தாவில். நாலு மாதம் பத்து நாள், அந்நிய ஆணுக்கு முகமில்லை. அவ்வளவு நாள் எனக்குக் கிடைக்குமோ. திரைக்கு வெளியே கதிரை போட்டார்கள். எல்லாம் சொன்னேன். துவக்கு, சேறு, எல்லாம்.

திரைக்குப் பின்னாலிருந்து மதினியின் குரல்:

“தம்பி, அவர்ட மொட்டைக் காலக் கழுவித் துடைச்ச நாளெல்லாம் உங்களுக்குத்தான் துஆக் கேட்டன். அதெல்லாம் எங்க போன?”

“பொருந்துவீங்களா மதினி?”

“அவர்ட கால் போனத நான் எப்பிடிப் பொருந்துற? புள்ளையளுக்கு உங்கட பேரச் சொல்லித்தான் சோறு தீத்தின. இனி என்னெண்டு சொல்ற? நீங்க இறக்கி வெச்சிட்டுப் போறீங்க.”

பிறகு: “தேத்தண்ணி ஆறுது. குடிங்க.”

திங்கள். மழை.

இறங்கவுமில்லை. எனக்கும் கனம், அங்கேயும் கனம். சொன்னது காக்காவுக்காகவா, எனக்காகவா? எனக்காக.

இதை அறிந்தவர்கள்: துவக்குச் செய்து தந்த இரும்படிக்காரர், மௌத்து. நூல் கட்ட வந்த என் தம்பி அபூபக்கர், மௌத்து. நான், இன்றோ நாளையோ. அதற்குப் பிறகு இதை வைத்துக்கொண்டு உயிரோடிருப்பது ஆசியா மதினி.