கோல்கீப்பரின் விலாசம்

மிங்கலா தாங்ஞுன்ட், யாங்கூன்
நவம்பர் 9

அன்பு மகன் டேனிக்கு,

கர்த்தருடைய கிருபையால் முழங்கால் வலியைத் தவிர எனக்கு வேறு குறை இல்லை. பாங்காக்கில் நீயும் வேளைக்குச் சாப்பிட்டுச் சளி இருமல் இல்லாமல் இருக்கிறாய் என்று நம்பித்தான் இதை எழுதுகிறேன். பெரியப்பா மகள் ஷீபா அங்கே வருகிறாள், அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன். உறைமேல் உன் விலாசம் எழுதவில்லை, வாயால் சொல்லியிருக்கிறேன். ஏன் என்று படித்தால் தெரியும்.

கல்லூரி அணி எப்படி ஆடுகிறது என்று கேட்டிருந்தாய். சைமன் மாஸ்டர் ஜூனில் திரும்பி வந்து மறுபடி கோச் ஆகிவிட்டார். ஐந்து வருடம் முன்பு பந்தயங்களுக்கு நடுவே ஒரு வார்த்தை சொல்லாமல் பினாங்குக்குப் போன மனிதர். ஆபீஸ் வேலையோடு அந்த அணியையும் சேர்த்து இழுத்தவன் நான். வந்த அன்றே பிரின்சிபால் அவருக்கு மாலை போட்டார், எனக்கு ஒரு டீகூட இல்லை. போதாததற்கு, பட்டாளத்துக்கு ஆள் எடுக்கப்போகிறார்கள் என்று அறிவித்ததும், உடனே கிளம்பு தம்பி என்று அங்கிருந்து போன் போட்டு உன்னைப் போகச் சொன்னவரும் அவர்தான். அம்மா இறந்த பிறகு எனக்கென்று இருந்தது நீ ஒருவன். இப்போது ஞாயிறு கோயிலுக்குப் போய்வந்தால் அடுத்த ஞாயிறுவரை வீட்டில் பேச ஆளில்லை. ஆனால் உள்ளதைச் சொல்ல வேண்டும், அணி நன்றாக ஆடியது. நான் நடத்திய வருடங்களில் எட்டிப் பார்க்காத அரையிறுதிக்கு வந்துவிட்டது. கோல்கீப்பர் மாஹிர், லத்தாவில் துணிக்கடை வைத்திருக்கும் சைதாவின் மகன், தன்லியினில் கடைசி நிமிடம் பெனால்டியைத் தடுத்தபோது நானே எழுந்து கத்திவிட்டேன்.

பிறகுதான் நான் அந்த வேலையைச் செய்தேன். அரையிறுதிக்கு வந்தால் ஆட்டக்காரர்களின் பெயர், தகப்பன் பெயர், பிறந்த தேதி, விலாசம் எல்லாம் டைப் செய்து வாசல் பலகையில் ஒட்டுவது வழக்கம். மாஸ்டர் ஊரைவிட்டுப் போவதற்கு முன்பு ஒருமுறை உன் பெயரும் அதில் இருந்தது. மாஸ்டர் வந்து, இந்த வருஷம் லிஸ்ட் வேணாம் சார், எல்லாம் பட்டாளத்துக்குக் கூப்பிடுற வயசு, அந்த வாசல்ல யார் யாரோ நின்னு படிக்கிறாங்க என்றார். அஞ்சு வருஷம் ஊர்ல இல்லாதவர் எனக்கு ஊர் நிலவரம் சொல்லித் தர வேணாம் என்று சொல்லி, அவர் கண்ணெதிரிலேயே பசை தடவி ஒட்டினேன். செவ்வாய்க்கிழமை பயிற்சிக்குப் பதினாறு பேரில் ஏழு பேர் வந்தார்கள். வியாழக்கிழமை ஒருவரும் இல்லை. மறுநாள் சைதா ஆபீசுக்கு வந்து, வாத்தியாரைக் கூப்பிடுகிற மாதிரி மரியாதையாகவே, சயா, நீங்க படிச்சவங்கதானே, எம் புள்ள வீட்டு நம்பரத் தெருவுக்கே எழுதிக் காட்டுவீங்களா, அவனுக்குப் பட்டாளத்துக் கடுதாசி வந்தா நீங்க போய் நிப்பீங்களா என்று கேட்டாள். அவனை எல்லைப் பக்கம் அனுப்பிவிட்டாளாம். எங்கே என்று அவள் சொல்லவில்லை. பட்டியலை நகத்தால் சுரண்டி எடுத்தேன். பிரின்சிபால் விசாரித்தபோது, ஒட்டச் சொன்னது நான்தான் என்று மாஸ்டர் தன்மேலேயே போட்டுக்கொண்டார். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. அரையிறுதியை ஆடாமலே விட்டுக்கொடுத்தோம், அந்தக் கடிதத்தையும் நான்தான் டைப் செய்தேன்.

அணி இல்லாவிட்டாலும் நாலு மணிக்கு மாஸ்டர் மைதானத்துக்கு வந்து தனியாகச் சுவரில் பந்தை உதைத்துக்கொண்டிருக்கிறார். ஜன்னலிலிருந்து பார்த்தபடியே இருந்தேன். முந்தாநாள் இறங்கிப் போய், பழியை ஏன் ஏத்துக்கிட்டீங்க என்று கேட்டேன். எனக்கு வேலை போனா இன்னொரு ஊர் இருக்கு, இந்த ஆபீசையும் விட்டா உங்களுக்கு என்ன இருக்கு சார், சும்மா நிக்காம கோலுக்குள்ள போய் நில்லுங்க என்றார். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றேன். ஒன்பது கோல் விட்டேன். ஒன்றுக்கும் அவர் சிரிக்கவில்லை. அவரை மன்னித்துவிட்டேன் என்று நினைக்காதே. உன்னைப் போகச் சொன்னது சரி என்று மட்டும் தெரிந்துகொண்டேன்.

ஷீபாவிடம் இறால் வறுவல் ஒரு போத்தல் இருக்கிறது, நானே செய்தது, உறைப்பு கொஞ்சம் கூடிவிட்டது. வெளியே போகும்போது பாஸ்போர்ட் நகலை மறக்காதே. மாஹிர் எப்போதாவது உன்னைத் தேடி வந்தால் உட்காரவைத்துச் சோறு போடு, என்னைப் பற்றி அவன் என்ன சொன்னாலும் மறுத்துப் பேசாதே. கிறிஸ்துமஸுக்கு வரப்போவதாக ஷீபாவிடம் சொன்னாயாம். வராதே மகனே. கர்த்தர் உன்னை அங்கேயே வைத்துக் காப்பாற்றட்டும்.

உன் அப்பா,
ஏசுரத்தினம்