பட்டனின் இருமல்

ஜனவரி 6, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. வாவிப் பக்கம் ஒரே மூட்டம்.

பட்டன் இன்றைக்கும் இருமினான். டாஷன்ட் குட்டி, நீள உடம்பு, குட்டைக் கால், நாலு மாதம். மூன்றாம் தரம் வாங்கின மருந்தும் முடிந்தது. மருந்து உள்ளவரை சுகம். நிறுத்தினால் திரும்பவும் இருமல், வயிற்றோட்டம், காதோரம் மயிர் கொட்டல். தீன் மட்டும் குறையவில்லை. தின்றும் எலும்புதான்.

முந்திச் செத்த அவன் கூடப்பிறந்த இரண்டு குட்டிகளுக்கும் இப்படித்தான். கண்ணூறு என்று நூல் கட்டினேன். என் புத்தியைச் சொல்ல வேண்டும்.

நாவற்குடாவில் புதிதாக வந்திருக்கிற மிருக டொக்டர் பிள்ளை ரத்தம் எடுத்தது. சோதிக்கக் கண்டிக்கு அனுப்புமாம். ஊசி குத்தும்போது பட்டன் என் விரலை நக்கிக்கொண்டு நின்றான்.

வாங்க: தேங்காய், நுளம்புச் சுருள், பட்டனுக்கு ஈரல்.

ஜனவரி 8, வியாழன்

மழை விட்டது. தை பிறக்கப் போகிறது, கலியாணம் பேசித் தரச் சொல்லி என்னிடம் ஆட்கள் வரத் தொடங்கிவிட்டார்கள். கல்குடாவிலிருந்து ஒரு தாய், மகனுக்குப் பெண் கேட்டு. தேத்தண்ணி கொடுக்க முதலே என்ன குடி என்று கேட்டேன். நான் மனதில் வைத்திருந்த பெண்ணும் அதே குடி. தாய் வழியில் ஒரே குடி என்றால் அண்ணன் தங்கை முறை. கையை விரித்துவிட்டேன்.

"இப்பத்தப் புள்ளையள் இதெல்லாம் பாக்கிறல்ல கா," என்றார்.

"நான் பாப்பன்," என்றேன். பெரிய பெருமை எனக்கு.

பின்னேரம் கிரானிலிருந்து சுகந்தி போன். தங்கச்சி மகள். நாலாவது குட்டி செல்லி அவளிடம்தான். "செல்லி நல்லாத் தின்றாள் பெரியம்மா. வளந்ததும் சீசரோடயே விடுவம். கலப்பு வேணாம் எண்டு நீங்கதானே சொன்ன."

சீசர் என் வீட்டு நாய், செல்லியின் தகப்பன். ஓம் என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தேன்.

ஜனவரி 9, வெள்ளி

ரத்த முடிவு வந்தது. டொக்டர் கதிரையை எனக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டது.

"இது வெளிய இருந்து தொத்தினது மட்டுமில்ல அன்ரி. கிருமியோட சண்டை பிடிக்கிற சத்து இவன்ட ரத்தத்தில இல்ல. பிறப்பிலயே இல்ல."

"மறுகா சுகம் வராதா?"

"மருந்தால ஒள்ளுப்பம் நாள் இழுக்கலாம். கிருமி நெஞ்சு முழுக்கப் பிடிச்சிட்டு." பிறகு மெல்லக் கேட்டது: "தாயும் தகப்பனும் சொந்தமா?"

சீசரும் குட்டிகளின் தாய் ரோசியும் ஒரு வயிற்றில் பிறந்தவை. கொழும்பிலிருந்து ஒரே பெட்டியில் வந்தவை. அடுத்த வீட்டு வாத்தியார் ரோசிக்குத் தன் நாயைத் தருவதாகச் சொன்னார். அதன் நெஞ்சில் வெள்ளைப் பொட்டு. சாதி சுத்தமில்லை என்று நான்தான் வேண்டாம் என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

டொ. ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும். "ரெண்டுலயும் ஒளிஞ்சு கிடந்த குறை குட்டியில ஒண்டாச் சேந்திட்டு. எல்லாக் குட்டிக்கும் வரும் எண்டில்ல. மத்தக் குட்டியையும் கொண்டு வாங்க, பாப்பம்."

ஊருக்கெல்லாம் குடி பார்க்கிறவள், என் முற்றத்தில் பார்க்கவில்லை. நாய்க்கென்ன குடி என்று நினைத்தேன். வெட்கமாக இருக்கிறது. அதைவிட, அவன் மூச்சுக்குப் படுகிற பாட்டைப் பார்க்க முடியவில்லை.

சுகந்திக்கு நாளைக்குச் சொல்ல வேண்டும்.

ஜனவரி 10, சனி

சொல்லவில்லை. இரண்டு தரம் போனை எடுத்தேன். என்னவென்று தொடங்குவது.

காஸ் முடிந்தது. விறகடுப்பில் சமையல். புகை பட்டனுக்கு ஆகாது, விறாந்தையில் படுக்க வைத்தேன். ஈரலை மணந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டான். முதல் தரம்.

ஜனவரி 11, ஞாயிறு

நல்ல வெயில். பட்டன் போய்விட்டான். காலையில், என் மடியில். தென்னைக்குக் கீழே தாட்டோம். ரோசி அவன் கூடையை விட்டு வருகிறாளில்லை. அவளைப் பார்க்கவும் முகமில்லை.

பின்னேரம் சு.வுக்கு எடுத்தேன். இனி மறைப்பதில்லை என்று எண்ணிக்கொண்டுதான் எடுத்தேன். பட்டன் செத்ததைச் சொன்னேன். அழுதாள். மற்றதைச் சொல்ல வாய் திறக்க, அவள் பின்னால் ஒரு சத்தம். சின்ன, வறண்ட சத்தம்.

"அது ஆரு?"

"செல்லிதான். ரெண்டு நாளா இருமுறாள். பனி பெரியம்மா, வேறொண்டுமில்ல. நல்லாத் தின்றாள் தானே."

பட்டனும் நல்லாத்தான் தின்றான்.

நாளை முதல் பஸ்ஸில் கிரான், மற்றதை நேரில் சொல்ல. செல்லியை டொக்டரிடம் கொண்டு வர, பட்டனின் கூடையைக் கழுவி வெயிலில் வைத்திருக்கிறேன்.