நீ படிக்காமல் கையெழுத்துப் போட்ட டீம் ஷீட்

இன்று காலை முட்டிக்குத் தேய்க்கலாம் என்று நீலகிரித் தைலம் பாட்டிலை எடுத்தேன். மூடியைத் திறந்ததுதான் தாமதம், கையில் கிளவுஸோடு நீ வந்து நின்றுவிட்டாய். ஆட்டத்துக்கு முன்னால் பதினொரு பேரும் கெண்டைக்காலில் இந்தத் தைலத்தைத்தான் தேய்த்துக்கொள்வீர்கள். எதிர் அணிக்காரர்கள் மூக்கைப் பொத்துவார்கள். "ஆட்டத்த பாத்து பயப்படலன்னாலும் வாசனைக்காச்சும் பயப்படட்டும்பா" என்பாய். ஏன் பாட்டிலைப் பிடித்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று என் மனைவி கேட்டாள். முட்டி வலிக்கிறது என்றேன். முப்பது வருடத்துக்கு மேலாக நான் இப்படித்தான், கேட்பது ஒன்று, சொல்வது ஒன்று.

நம் கிளப்பைப் பற்றி இப்போது சொன்னால் சிரிக்கிறார்கள். ஸ்ரீபெரும்புதூரில் சம்பளம் வாங்கிக்கொண்டு பந்து ஆடினார்களா என்று கேட்கிறார்கள். ஆடினார்கள். பம்ப் கம்பெனி முதலாளிக்குப் பந்துப் பைத்தியம். உங்களை ஆடுவதற்கென்றே காண்டிராக்டில் எடுத்தார். காலையில் நாலு மணி நேரம் மெஷின், சாப்பாட்டுக்குப் பிறகு ஏரியோரத்து மைதானம். முழு ஷிஃப்ட் பார்க்கிறவர்கள் வயிற்றெரிச்சலில் உங்களை "அரை ஷிஃப்ட்டு" என்று கூப்பிடுவார்கள். நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள் என்று டோக்கன் நம்பர் போட்டு எழுதுவது என் வேலை. எழுத்து முத்து முத்தாக இருக்கிறதாம், அதனால் கிளப் செயலாளர் வேலையையும் என் தலையில் கட்டினார்கள். எனக்குப் பந்தைச் சரியாக உதைக்கக்கூடத் தெரியாது. நீ வடக்குப்பட்டிலிருந்து சைக்கிளில் வந்ததும் டைம் ஆபீஸ் ஜன்னலில் ரெண்டு தட்டுத் தட்டிவிட்டுப் போவாய். அதில் தொடங்கியதுதான் நம் சிநேகம்.

தொண்ணூற்றொன்று மே மாதம் நம் ஊரில் குண்டு வெடித்ததை உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதற்குப் பிறகு எங்கே போய் ஊர்ப் பேரைச் சொன்னாலும் எதிரில் இருப்பவர் முகம் மாறிவிடும். நம் லீக் ஆட்டங்களையும் தள்ளிவைத்தார்கள். ஒரு நாள் கோல் கம்பத்தில் சாய்ந்துகொண்டு நீ சொன்னாய்: "நம்ம ஊரு பேர சொன்னா ஜனங்களுக்கு வேற எதுனா ஒண்ணு ஞாபகம் வரணும்பா. ஒரே ஒரு நல்ல விசயம் போதும்."

அந்த நல்ல விஷயம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. காஞ்சிபுரத்தில் கடைசி ஆட்டம். ஜெயித்தால் கிளப் முதல் டிவிஷனுக்கு ஏறும். ஏறினால் ஆட்டக்காரர்கள் எல்லாருக்கும் வேலை நிரந்தரம் என்று முதலாளி சொல்லியிருந்தார். உன் வீட்டில் ரோஸ்மேரி மாசமாக இருந்தாள். பிள்ளை பிறப்பதற்குள் பர்மனென்ட் ஆகிவிட வேண்டும் என்று நீ போகிற கோயிலில் எல்லாம் மெழுகுவத்தி ஏற்றினாய்.

ஆட்டத்துக்கு முன் டீம் ஷீட் எழுதித் தர வேண்டும். பதினொரு பெயர், ஒவ்வொரு பெயருக்கும் எதிரே லீக் கார்டில் உள்ள பதிவு எண். எப்போதும் கார்டுகளை மடியில் பரப்பி வைத்துத்தான் எழுதுவேன். அன்று வேன் வாலாஜாபாத்தில் பஞ்சராகி, போய்ச் சேரவே நேரமாகிவிட்டது. மற்றவர்கள் மைதானத்தில் இறங்கிவிட்டார்கள். ரெஃப்ரி கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். கார்டுக் கட்டு என் பைக்குள் இருந்தது. நான் எடுக்கவில்லை. பெயரை எழுதினேன், பக்கத்தில் நம்பரையும் கை தானாக எழுதிவிட்டது. நாலு வருடமாகத் தினமும் காலையில் எழுதுகிற நம்பர்கள். பதினொன்றும் கம்பெனி டோக்கன் நம்பர்கள். எனக்கு ஒரு துளி சந்தேகம்கூட வரவில்லை.

கேப்டன் கையெழுத்துக்காகத் தாளை உன்னிடம் நீட்டினேன். நீ ஒரு கையில் கிளவுஸ் மாட்டியிருந்தாய். படித்துப் பார் என்று பேச்சுக்குச் சொன்னேன். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும், குடு" என்று முழங்காலில் வைத்துக் கையெழுத்துப் போட்டுவிட்டு ஓடினாய்.

நம் ஃபார்வர்டு ஏழுமலை ஒரு கோல் போட்டான். கடைசி நிமிடங்களில் அவர்களுக்குக் கிடைத்த பெனால்டியை நீ இடது பக்கம் பாய்ந்து தட்டிவிட்டாய். திரும்பும்போது வாலாஜாபாத் டீக்கடையில் ஒருவர், எந்த ஊர் என்று கேட்டார். "ஸ்ரீபெரும்புதூருணா. பந்துல ஜெயிச்சிகினு வர்றோம்" என்றாய். அவர் முகம் மாறவில்லை. எழுந்து வந்து உனக்குக் கை கொடுத்தார். அன்றைக்கு உன்னைப் போலச் சந்தோஷமான மனுஷனை நான் பார்த்ததில்லை.

மூன்றாம் நாள் எதிர் அணி புகார் கொடுத்தது. பதிவில் இல்லாத எண்கள், ஆட்டம் செல்லாது என்று லீக்கும் சொல்லிவிட்டது; முதல் டிவிஷன் கைவிட்டுப் போயிற்று. மேனேஜர் நம் இருவரையும் கூப்பிட்டார். என்னை நிரந்தரமாக்கும் ஆர்டர் அவர் மேஜையில் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அது உனக்கும் தெரியும். "யாருய்யா அந்த ஷீட்ட எழுதினது?" என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் நீ முந்திக்கொண்டாய் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். நான் வாயைத் திறக்கவே இல்லை. "நான்தான் சார். லேட்டாயிடுச்சேன்னு நானே எழுதிட்டேன்" என்றாய். ஷீட் லீக் ஆபீசில் இருந்ததால் என் எழுத்தை அவர் பார்க்கவில்லை. பதினொரு பேருடைய டோக்கன் நம்பரும் ஒரு கோல் கீப்பருக்கு எப்படி மனப்பாடம் என்று அவர் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

அடுத்த வாரம் எனக்கு ஆர்டர் வந்தது. அடுத்த வருடம் கிளப்பையே கலைத்தார்கள், உங்கள் காண்டிராக்டையும் அந்த மாசக் கடைசியோடு முடித்தார்கள். அணியின் பச்சை ஜெர்சிகளை மெஷின் துடைக்க எடுத்துக்கொண்டார்கள். கடைசி வாரத்தில் ஒரு நாள் நீ ஒன்பதாம் நம்பர் ஜெர்சியால் எண்ணெய் துடைப்பதைப் பார்த்தேன். ஆனாலும் சொல்லவில்லை.

பிறகு ஒரகடத்தில் வரிசையாகக் கம்பெனிகள் வந்தன. ஒன்றின் கேட்டில் நீ செக்யூரிட்டி. ஒரு வேலையாக அங்கே வந்த என்னிடம் விசிட்டர் நோட்டைத் தள்ளினாய். "பாத்து எழுதுப்பா, டோக்கன் நம்பர் போட்டுடப் போற" என்றாய். சொல்லிவிட்டு நீயே வயிறு குலுங்கச் சிரித்தாய். நானும் சிரித்தேன். மன்னித்துவிடு என்று அப்போது சொல்லியிருக்கலாம். பின்னால் லாரிக்காரன் ஹாரன் அடித்தான், அதைச் சாக்காக வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

போன ஞாயிறு உன் வீட்டில் உன் நினைவு ஜெபக் கூட்டம். முடிந்து காப்பி கொடுத்தார்கள். ஏழுமலை உன் படத்தைப் பார்த்துக்கொண்டே, "இன்னா கீப்பர்டா இவன்! பெனால்டிய கூட வுடல. கடசில பேனால வுட்டுட்டான்" என்றான். நாலு பேர் மெல்லச் சிரித்தார்கள். உன் மகன் தலையைக் குனிந்துகொண்டான். காண்டிராக்டில் இருந்த எல்லாருடைய வேலையையும் கெடுத்தவர் என்று அப்பாவைப் பற்றிக் கேட்டே வளர்ந்த பிள்ளை. அதற்கு மேல் என்னால் முடியவில்லை. எழுந்து நின்றேன். "அந்த ஷீட்ட எழுதனது நான்" என்றேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

ஏழுமலை அடிப்பான் என்றுதான் நினைத்தேன். அவன் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். "இத்தினி வருசம் அவன திட்டிகினு இருந்தனேடா" என்று ஓவென்று அழுதான்.

ரோஸ்மேரி மட்டும் அழவில்லை. "தெரியும்ணா" என்றாள். "புள்ளகிட்டயாவது சொல்லலாமேன்னு கேப்பேன். அவனே ஒரு நாளு சொல்லுவான், அதுவரிக்கும் நீ வாய தொறக்காதன்னுவாரு. நீங்க வூட்டுக்கு வந்துட்டு போறப்பல்லாம் கேப்பாரு, இன்னிக்கி எதுனா சொன்னானான்னு."

எத்தனை தடவை வந்திருப்பேன். மீன் குழம்பு சாப்பிட்டேன், உன் மகன் கல்யாணத்துக்குப் பந்தி பரிமாறினேன். ஒவ்வொரு தடவையும் நீ காத்திருந்திருக்கிறாய். நான் செருப்பை மாட்டிக்கொண்டு போயிருக்கிறேன்.

உன் மகன் வாசல் வரை வந்தான். "அங்கிள், அப்பா எழுதலன்னு ஒரு பேப்பர்ல எழுதி குடுப்பீங்களா?" என்று கேட்டான். அதற்காகத்தான் இதை எழுதினேன். "நீ எழுதுனா சரியாத்தான் இருக்கும்" என்று அன்று நீ சொன்னதைத் தூக்கிக்கொண்டுதான் இன்னமும் நடக்கிறேன், அதனால் ஒவ்வொரு வரியையும் மூன்று தடவை படித்துப் பார்த்துவிட்டேன். நாளைக்கு வடக்குப்பட்டுக்குப் போய் அவன் கையில் கொடுக்க வேண்டும். இந்த முறை கீழே கையெழுத்து என்னுடையது.